கடுகுக்குச் சேர வேண்டிய திட்டு

"நீ கெட்ட வார்த்தை பேசுவியா?"

கடுகு அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். வாயால் கேட்கவில்லை; விரல்களால் கேட்டான். பல்கலைக்கழகத்தில் சைகை மொழிபெயர்ப்பாளராக அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். படிக்கட்டுக்கு அடியில் அவளுக்கென்று ஒதுக்கியிருந்த சிறிய அறையில், மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். காது கேளாதவன். மாலை வகுப்பில் பொருளாதாரம் படிப்பவன். விரல் நுனியெல்லாம் பித்தளைத் தூள் மினுங்கியது.

"பேச மாட்டேன்," என்று அவளும் விரல்களாலேயே சொன்னாள்.

"நான் பேசுவேனே. அப்ப என்ன பண்ணுவே?"

"நீங்க பேசினா நானும் பேசுவேன் அண்ணா. நீங்க சொல்றதைச் சொல்றதுதானே என் வேலை."

"மேடையில? மைக்குல? துணைவேந்தர் எதிர்ல?"

"பேசுவேன்."

"உனக்கு முன்னாடி ஒரு அம்மா இருந்தாங்க. தங்கமான மனுஷி. நான் 'பதிவாளர் ஒரு தூங்குமூஞ்சி'ன்னு சொன்னா, அவங்க மைக்குல 'பதிவாளர் கொஞ்சம் களைப்பா இருக்காரு'ன்னுட்டாங்க. கூட்டத்துல ஒரு புண்ணியவான் எழுந்து அவருக்கு நல்ல நாற்காலியாப் போடச் சொன்னாரு. என் ஜோக்கு செத்துப்போச்சு. பதிவாளருக்கு மெத்தை வெச்ச நாற்காலி கிடைச்சுது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதே. நான் சாவி வெட்டுறவன். பல்லை மழுக்கின சாவி பார்க்க வழுவழுன்னு இருக்கும். பூட்டு மட்டும் திறக்காது."

"மழுக்க மாட்டேன்."

"சைகை எங்க கத்துக்கிட்டே?"

"அம்மா டீச்சர். கேக்குற பிள்ளைங்களும் கேக்காத பிள்ளைங்களும் ஒண்ணாப் படிக்கிற பள்ளிக்கூடம். நானும் அங்கதான் படிச்சேன். ஒரு பாடம் வாயால, அடுத்த பாடம் கையால."

கடுகு அவளை மேலும் கீழும் பார்த்தான். "ரெண்டு மொழி தெரியுது. ரெண்டுலயும் வாயைத் திறக்க மாட்டேங்குறியே!" என்றான். பிறகு உதட்டருகே ஒரு சாவியைத் திருகுவதுபோல் விரலைத் திருப்பிக் காட்டினான். அதுதான் அவளுக்கு அவன் வைத்த பெயர். பூட்டு. தன் பெயரையும் சொன்னான்: சுண்டுவிரல் நுனியில் ஒரு புள்ளி, அதற்குப் பிறகு காரம் பட்ட நாக்குக்கு விசிறி. "கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு எங்க மாமா வெச்ச பேரு. அந்தக் காரம் தன் மேலயும் படும்னு அவருக்கு அப்பத் தெரியல, பாவம்."

அவன் அவள் தோளுயரம்தான் இருந்தான்.

மாமாவின் சாவிக் கடை பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அகலத்தில் இருந்தது. சாவி வெட்டும் இயந்திரம் போடும் கிறீச்சலில் பல் கூசும். மாமா காதுறை மாட்டிக்கொண்டு நிற்பார். கடுகு வெறும் காதோடு நிற்பான். "என்னால இவருக்குக் காதுறைச் செலவு மிச்சம். அதுல பாதியாவது சம்பளத்துல சேர்த்தாரான்னு கேளு," என்பான். பூட்டு அதை மாமாவிடம் சொன்னால், மாமா காதுறையைக் கழற்றாமலே "கேக்கல, கேக்கல" என்று கையை ஆட்டுவார். அந்தக் கடையில் யாருக்குக் காது கேட்கும், யாருக்குக் கேட்காது என்று வாடிக்கையாளர்களுக்குக் குழப்பம் வந்துவிடும்.

சின்ன வயதில் அவனைச் சாதாரணப் பள்ளியில்தான் போட்டார்கள். கடைசி பெஞ்சு. ஆசிரியர்கள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினார்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் உதடே தெரியாது. தெரிந்ததெல்லாம் முதுகும் நடையும்தான். அதனால் அவன் முதுகுகளைப் படித்தான். ஒரு மத்தியானம் தலைமையாசிரியரைப் போல் வயிற்றை முன்னே தள்ளி, கைகளைப் பின்னால் கட்டி வகுப்பில் நடந்து காட்டினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திடீரென்று எல்லா முகமும் பெஞ்சைப் பார்த்துக் குனிந்தது. பாராட்டில் உருகிப்போய்த் தலை வணங்குகிறார்கள் என்று நினைத்து இன்னொரு சுற்று நடந்தான். பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது.

"சிரிப்பு முன்னாடி தெரியும். ஆபத்து எப்பவும் முதுகுப் பக்கம்," என்று அதைச் சொல்லும்போதெல்லாம் முடிப்பான்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. பருவத் தேர்வுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மாணவர்கள் பெரிய மண்டபத்தில் பொய்ச்சபை கூட்டுவார்கள். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர்கள் எல்லாரையும் மாணவர்களே வேஷம் கட்டிக் கிழிப்பார்கள். நிஜமான துணைவேந்தர் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டும். நடுவில் எழுந்து போகக் கூடாது. அப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் எந்தத் துணைவேந்தரும் மீறியதும் இல்லை.

கடுகு வந்த பிறகு பொய்ச்சபைக்குக் கூட்டம் இரட்டித்தது. அவன் மேடையில் சைகையில் பேசுவான். பூட்டு முதல் வரிசை ஓரத்தில், அவன் முகம் தெரியும்படி உட்கார்ந்து, மைக்கில் குரல் கொடுப்பாள். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. அவன் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அவன் கோபப்பட்டால் குரலில் கோபம் வர வேண்டும். தன் பேச்சு என்று ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. பேச்சு முடிந்தால் அவள் அங்கே இருந்த சுவடே இருக்கக் கூடாது. இயல்பிலேயே வாய் திறக்காத அவளுக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் இரண்டாவது தடவை குழம்பு கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள், மைக்கைப் பிடித்தால் பதிவாளரைத் தூங்குமூஞ்சி என்பாள்.

அந்த வருஷம் காது கேளாத மாணவர்கள் மண்டபத்தில் முதல் வரிசையைக் கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். பேசுகிறவர் முகமும் மொழிபெயர்ப்பாளர் கையும் தெரிய வேண்டுமே. முதல் வரிசை விருந்தினர்களுக்கு உரியது என்று நிர்வாகம் மறுத்துவிட்டது. பொய்ச்சபையில் கடுகு 'இருக்கை ஒதுக்கீட்டு அலுவலர்' வேஷத்தில் வந்தான். இடுப்புவரை ஏற்றிய கால்சட்டை, சட்டைப்பையில் நாலு பேனா.

"செவிடனுங்களுக்கு எதுக்குய்யா முதல் வரிசை? எங்க உக்காந்தாலும் அவனுக்கு ஒண்ணுதானே!" என்று அலுவலர் அதட்டினார். அது பூட்டின் குரலில் மண்டபம் முழுக்க ஒலித்தது. "முதல் வரிசை விருந்தாளிங்களுக்கு. அவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும். அதனாலதான் பாவம், பேச்சை ஆரம்பிச்சதும் தூங்கிடுறாங்க. தூங்குறவங்களை எழுப்பி உன்னை உக்கார வெக்க முடியுமா? செவிடன் காதுல சங்கு ஊதாதேம்பாங்க. எங்க அலுவலகத்துல சங்கு ஊத ஒருத்தரைப் போட்டாச்சு. மேற்பார்வைக்கு ரெண்டு பேரு. சங்குக்குப் பாலிஷ் போட தனி ஆளு. எல்லா இடமும் நிரம்பிடுச்சு. செவிடனுக்கு மட்டும்தான் இடமில்ல."

மண்டபம் அதிர்ந்தது. துணைவேந்தரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அந்த முதல் வாக்கியத்தின்போது, சிரிப்புக்கு முன்னால், நடு வரிசைகளில் ஒரு முணுமுணுப்பு எழுந்ததைப் பூட்டு கேட்டாள். அது கடுகுக்குத் தெரியாது. அவளுக்கு இரண்டு கையும் மைக்கில் இருந்தது.

மறுநாள் காலையில் எல்லார் கைபேசியிலும் ஒரு துண்டு வீடியோ ஓடியது. எடுத்தவர் குரல் வந்த பக்கம் கேமராவைத் திருப்பியிருந்தார். அதில் மேடை இல்லை, கடுகு இல்லை, நாலு பேனா இல்லை. காது நன்றாகக் கேட்கும் ஒரு பெண், முதல் வரிசையில் சொகுசாக உட்கார்ந்து, மைக்கைப் பிடித்து, "செவிடனுங்களுக்கு எதுக்குய்யா முதல் வரிசை?" என்கிறாள். அவ்வளவுதான் இருந்தது. மண்டபத்தில் நேரில் பார்த்தவர்களுக்கும் சைகை தெரியாது; அந்த வார்த்தையை அவளாகவே சேர்த்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மத்தியானத்துக்குள் கண்டனம் வந்தது, சாயங்காலத்துக்குள் கையெழுத்து இயக்கம் வந்தது. மாணவர் சங்கச் செயலாளர்தான் அதை நடத்தினாள்; சமூகப்பணி படிக்கிற, பேசும்போது கண் கலங்கிவிடுகிற பெண். நடைபாதைச் சுவர்களில் பூட்டின் படமும் அதற்குக் கீழே அந்த வாக்கியமுமாகத் தாள்கள் ஏறின: 'கேலி செய்யும் மொழிபெயர்ப்பாளரை நீக்கு!' விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. அவள் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தாள். பெயர் ஒருமுறை கெட்டால் அந்தத் தொழிலில் வேறு எங்கும் கூப்பிட மாட்டார்கள். அந்த வாரம் முழுக்கக் காது கேளாத மாணவர்கள் வகுப்பில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஆசிரியரின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காகத்தான் போராட்டமும் நடந்தது.

அவள் வாய் திறக்கவில்லை. விளக்கம் சொல்லக் கூடாது என்பது தொழில் முறை. அதற்கு மேல், 'அது நான் இல்லை, அவர்' என்று கையைக் காட்டினால் கூட்டம் அப்படியே திரும்பி அவன் மேல் பாயும். அவனுடைய படிப்புக் கட்டணச் சலுகை நிர்வாகத்தின் கையில்தான் இருந்தது. சங்கு ஜோக்கு சுட்ட இடமும் நிர்வாகம்தான்.

கடுகுக்கும் வீடியோ வந்தது. அதில் எழுத்து ஏதும் இல்லை. பூட்டு மைக்கோடு இருக்கிறாள், எல்லாரும் பகிர்கிறார்கள், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. உடனே செய்தி அனுப்பினான்: 'ஸ்டார் ஆயிட்டே! விருந்து எப்போ?'

'சும்மா இருங்கண்ணா,' என்று பதில் போட்டாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து நடைபாதையில் அந்தத் தாளைப் பார்த்தான். அவனுடைய வாக்கியம். அவன் எழுதி, அடித்து, மறுபடி எழுதிய வாக்கியம், வேறொருத்தி படத்துக்குக் கீழே அச்சாகியிருந்தது.

அன்று சாயங்காலம் பூட்டின் வீட்டுக் கதவு அதிர்ந்தது. தட்டுகிற சத்தம் தனக்குக் கேட்காதவன் தட்டினால் தெருவுக்கே கேட்கும். அம்மா ஓடிவந்து திறந்தாள்.

"உள்ள வாப்பா, கதவு பாவம்," என்றாள் கையால்.

அவன் பூட்டுக்கு நேரே போய் நின்றான். விரல்கள் தெறித்தன. "என் ஜோக்குக்கு நீ எப்படித் திட்டு வாங்கலாம்?"

"அண்ணா, உக்காருங்க."

"உக்கார மாட்டேன். எத்தனை வருஷமா எழுதுறேன்? ஒருத்தனாவது என்னைத் திட்டியிருக்கானா? 'பாவம், காது கேக்காத பையன், விடு'ம்பானுங்க. மத்தவனுக்கெல்லாம் நோட்டீஸ், எனக்குத் தலையில தடவல். முதல் தடவையா ஊரே கொதிக்கிற மாதிரி ஒண்ணு எழுதியிருக்கேன். அதையும் உனக்குக் குடுத்துட்டாங்க!"

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள் அம்மா.

"அதேதாம்மா. அம்புக்கே இவ்வளவு பேருன்னா, எய்தவனுக்கு எவ்வளவு வரணும்!"

"உங்க சலுகையை எடுத்துட்டாங்கன்னா?" என்று பூட்டு கேட்டாள்.

"எடுக்கட்டும். சாவி வெட்டிப் படிப்பேன். அடுத்தவங்க திட்டைத் திங்கிற பழக்கம் உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். கோபத்தில் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சூட்டில் நாக்குக்கு விசிறினான். அது அவன் பெயரையே சொல்வதுபோல் இருந்தது. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

விசாரணை அறையில் நீண்ட மேசை. நடுவில் பதிவாளர், மெத்தை வைத்த நாற்காலியில். பக்கத்தில் சட்டத்துறைப் பேராசிரியை, குறிப்பெடுக்க ஓர் எழுத்தர். ஒரு பக்கம் செயலாளர். அவளுக்கு அருகே காலி நாற்காலி. அதற்கு முன்னால் 'பாதிக்கப்பட்டவர்' என்று பலகை. அது கடுகுக்கு. எதிர்ப்பக்கம் தனியாகப் பூட்டு.

வெளியிலிருந்து வரச் சொல்லியிருந்த மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. பாதிக்கப்பட்டவர் பேச வேண்டும். பேசினால் புரிய வேண்டும். புரியவைக்க அந்த அறையில் ஒரே ஆள்தான், அவள்மேல்தான் விசாரணை. பதிவாளர் கன்னத்தில் கை வைத்தார். கடுகு ஒரு தாளில் 'இவங்களே சொல்லட்டும்' என்று எழுதி நீட்டினான். வேறு வழியில்லை.

கடுகு கைகளை உயர்த்தினான். பூட்டு, வழக்கப்படி, அவன் சொன்னதைச் சொன்னாள்:

"அந்த ஜோக்கை எழுதினது நான். சொன்னதும் நான். வேற யாருக்கும் அதுல சம்பந்தமில்ல."

எழுத்தரின் பேனா பறந்தது. பதிவாளர் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். "நேர்மையா ஒத்துக்கிட்டதுக்கு நன்றிம்மா," என்றார் பூட்டைப் பார்த்து.

பூட்டு அதையும் கையால் கடுகுக்குச் சொன்னாள். கடுகு வெடித்துச் சிரித்தான். அவன் சிரிப்புக்கு அளவு தெரியாது. தண்ணீர்க் குவளை நடுங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு ஏதோ சொன்னான். பூட்டு ஒரு கணம் தயங்கினாள். மழுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாளே.

"ஐயா," என்றாள் தன் மெல்லிய குரலில், "நான் ஆம்பளைங்க."

பேராசிரியைதான் முதலில் சிரித்தாள். இருமலாக்கி மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. எழுத்தர் எழுதியதை அடித்தார். பதிவாளர் பூட்டையும் கடுகையும் மாறி மாறிப் பார்த்தார். வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லாரும் செய்த தவற்றை அந்த அறையும் இப்போதுதான் செய்திருக்கிறது என்று அவருக்கு மெதுவாக விளங்கியது.

கடுகு எழுந்து, 'பாதிக்கப்பட்டவர்' பலகையைக் கவிழ்த்து வைத்தான். மேசையைச் சுற்றி வந்து பூட்டின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். "இப்ப என்னைக் கேளுங்க."

செயலாளர் சிரிக்கவில்லை. "நீங்க சொன்னா மட்டும் சரியாயிடுமா?" என்றாள். குரல் நடுங்கியது. "என் தம்பிக்கும் காது கேக்காது. இங்கதான் படிக்கிறான். வாயைப் பார்த்தே பழகினவன், சைகை தெரியாது. அவனையும் கடைசி பெஞ்சுலதான் வெச்சிருக்காங்க. அன்னைக்கு நடு வரிசையில எம்பக்கத்துல உக்காந்திருந்தான். அந்த வார்த்தைக்கு எங்களுக்குப் பின்வரிசை முணுமுணுத்துச் சிரிச்சது அலுவலரைப் பார்த்து இல்ல. அவங்க தினமும் அவனைக் கூப்பிடுற வார்த்தைய்யா அது. ஏன் சிரிக்கிறாங்கன்னு எங்கிட்டக் கேட்டான். நான் என்னன்னு சொல்றது?"

பூட்டு ஒன்றையும் குறைக்காமல் கைகளில் சொன்னாள். செயலாளரின் நடுக்கம்கூட அவள் விரல்களில் வந்தது. கடுகு செயலாளர் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"நானும் கடைசி பெஞ்சுதான்," என்றான். "அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா அப்படியே திரும்பி, அந்தப் பின்வரிசையை வறுத்திருப்பேன். வரியை எடுக்க மாட்டேன். ஆனா அந்த இடத்துல இன்னும் ஒரு வரி வேணும். நீங்க சொன்னதுக்கப்புறம்தான் தெரியுது."

"எடுக்கணும்னுதான் நான் இப்பவும் சொல்வேன்."

"சொல்லுங்க. எங்கிட்ட சொல்லுங்க. எனக்காக ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அடுத்த பொய்ச்சபையில மேடைக்கு வந்து என்னைத் திட்டுங்க. துணைவேந்தருக்குள்ள சட்டம்தான் எனக்கும். நடுவுல எழுந்து போக மாட்டேன்."

"திட்டுறதுக்கெல்லாம் அனுமதி..." என்று பதிவாளர் இழுத்தார். பேராசிரியை அவரைப் பார்த்த பார்வையில் வாக்கியம் அப்படியே நின்றது.

பூட்டு மறுநாளே வேலைக்குத் திரும்பினாள். கடுகுக்கு 'நாவடக்கம் தேவை' என்று ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாவிக் கடையில் சாவிக்கொத்துகளுக்கு நடுவே மாட்டினான். "நாக்கே உபயோகிக்காதவனுக்கு நாவடக்கமா!" என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரித்தார். சலுகையை யாரும் தொடவில்லை. மண்டபத்தின் முதல் வரிசையில் பாதி, விருந்தினர்களிடமிருந்து காது கேளாதவர்களுக்கு மாறியது. மீதிப் பாதியில் விருந்தினர்கள் வழக்கம்போல் தூங்கினார்கள்.

செயலாளர் தம்பியைக் கூட்டிக்கொண்டு விடுமுறை நாட்களில் பூட்டின் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். அம்மாதான் இருவருக்கும் சைகை சொல்லிக்கொடுத்தாள். தம்பி தண்ணீரில் விட்ட மீன்போல் கற்றான். அக்காவுக்குக் கை கட்டைதான். "அவரைத் திட்டுற அளவுக்கு வந்தாப் போதும் டீச்சர்," என்பாள்.

அடுத்த பொய்ச்சபையில் அவள் மேடையேறி, குரலே எடுக்காமல், சைகையில் கடுகைத் திட்டினாள். பாதியில் ஒரு விரல் தவறாக மடங்கியது. கடுகு எழுந்து வந்து அந்த விரலைத் திருத்திக் காட்டிவிட்டு, 'ம், இப்பத் திட்டு' என்று திரும்பப் போய் உட்கார்ந்தான். முதல் வரிசையில் இருந்த தம்பிதான் மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் சிரித்தான். மற்றவர்களுக்குப் பூட்டின் குரல் வந்து சேர ஒரு நொடி ஆனது. அன்று பூட்டு மைக்கை இடது கையில் மட்டும் பிடித்திருந்தாள். வலது கை மடியில் காத்திருந்தது.

அது விசாரணை முடிந்த அன்று கடுகு கேட்டுக்கொண்டது. இருவரும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முகம் நேராக வரட்டும் என்று அவன் அவளுக்கு ஒரு படி மேலே நின்றான்.

"பூட்டு, அன்னைக்கு மண்டபத்துல சத்தம் மாறுச்சா?"

"மாறுச்சு அண்ணா. சிரிப்புக்கு முன்னாடி, நடுவுல. மைக் ரெண்டு கையிலயும் இருந்துச்சு."

அவன் தலையாட்டினான். கண்களைத் துடைத்துக்கொண்டானா, பித்தளைத் தூளைத் தட்டினானா என்று தெரியவில்லை.

"கைதட்டுறது எனக்குக் கண்ணுல தெரியும். சிரிக்கிறது தெரியும். முணுமுணுக்குறதுதான் தெரியாது. இனிமே மைக்கை ஒரு கையில புடி. இன்னொரு கையை எனக்கு விட்டுவை. எவனாவது முணுமுணுத்தா, அப்பவே சொல்லிடு."